கை தவறிப் பட்ட அடி

தம்பி, இந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் திருகிக் குடுங்க. வலது கை கட்டோட கிடக்குல்லா, இடது கைக்கு இந்த மூடி அடங்க மாட்டேங்கு. ம்... நல்லா இருப்பிய.

திருநெல்வேலிக்குத்தான? நானும் கடைசி வரைக்கும்தான். கோயம்புத்தூர்ல மக வீடு. போகும்போது ரெண்டு பேராப் போனோம், இப்ப ஒத்தையா வாரேன். வீட்டம்மா பேத்தியோட கொஞ்ச நாள் இருந்துட்டு வருவா.

கையைப் பாக்கிய. மரியாதைக்குக் கேக்காம இருக்கிய. கேளுங்க, இதுல என்ன இருக்கு. மூணு விரல் உடைஞ்சிட்டு. எங்க வீட்டம்மா அடிச்ச அடி. வேணும்னு இல்ல, கை தவறிப் பட்டுட்டு. அடி விழுந்தது கட்டையால, நான் கட்டைக்குக் குறுக்கால இருந்துட்டேன், அவ்வளவுதான். ஆனா ஊரு உலகம் அப்படியா பேசுது? பெத்த மகளே வேற கதை கட்டுதா. அதனாலதான் நடந்ததை நடந்தபடி சொல்லுதேன். நீங்களே நியாயம் சொல்லுங்க.

என் பேரு முப்பிடாதி. போலீஸ்ல முப்பத்தி மூணு வருஷம். ஏட்டாத்தான் ரொம்ப நாள் இருந்தேன், கடைசியில எஸ்.எஸ்.ஐ. ஆக்கி அனுப்புனாங்க. என் சர்வீஸ்ல ஒரு மெமோ கிடையாது. ஒரு லாக்கப் சாவு கிடையாது. அதைச் சொல்லணும்லா? கூட இருந்தவன் எத்தனை பேரு மாட்டிக்கிட்டான், நான் மாட்டல. எந்த இடத்துல எவ்வளவு அடிக்கணும்னு தெரியும் எனக்கு.

எங்க வீட்டம்மா பேரு சண்முகவடிவு. அவளுக்கு இந்த மாசம் அறுபது முடிஞ்சிட்டு. அது எனக்கு நினைவு இல்ல, மகதான் கண்டுபிடிச்சா. மக பேரு ஆவுடைச்செல்வி, அங்க ஒரு காலேஜ்ல கணக்கு வாத்தியாரு. "அம்மா ஒரு நாள் கூட வெளிய உக்காந்து அடுத்தவங்க பரிமாறிச் சாப்பிட்டதில்லப்பா, நம்ம தெருவுக்குப் பக்கத்துல ஒரு இத்தாலி ஓட்டல் இருக்கு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் அங்க போறோம்"னா. சரின்னேன். நான் எதுக்கும் குறுக்கால நிக்கிற ஆளு இல்ல.

நடந்தே போனோம். மக, மாப்பிள்ளை, பேத்தி, நாங்க ரெண்டு பேரு. மாப்பிள்ளை அருள்குமரன் கம்ப்யூட்டர் வேலை, வாய் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பேத்தி மகிழ், ரெண்டாங்கிளாஸ்.

பாத்தா அது ஓட்டல் மாதிரியே இல்ல தம்பி. பழைய வீடு. முன்னறையில மேசையைப் போட்டு, சிவப்புக் கட்டம் போட்ட துணியை விரிச்சு வச்சிருக்கான். அடுப்படிச் சுவத்தை இடிச்சுட்டதால உள்ள சமைக்கிறது நமக்குத் தெரியும். பக்கத்துத் தெரு ஆளுகதான் எல்லாம், குடும்பம் குடும்பமா உக்காந்து தின்னுட்டிருக்கு. ஓட்டல்காரன் பொண்டாட்டி கல்லாவுல இருந்து ஒவ்வொரு பிள்ளையையும் பேரு சொல்லிக் கூப்பிடுதா. எம் பேத்தியையும் "மகிழ், இன்னைக்கு யாரைக் கூட்டிட்டு வந்திருக்க?"ன்னா. இவளும் "எங்க ஆச்சிக்கு பர்த்டே"ன்னா.

சாப்பாட்டுப் படம் போட்ட அட்டையைக் குடுத்தாங்க. வடிவு ஒரு படத்துல விரலை வச்சா, கொழுக்கட்டை மாதிரி சின்னச் சின்னதா இருந்துது. "அது உனக்கு ஒத்துக்காது"ன்னு சொல்லி, அட்டையை வாங்கி மகட்ட குடுத்து, "அம்மாவுக்கு காரம் இல்லாம, புளிப்பு இல்லாம ஏதாவது சொல்லு"ன்னேன். அவ வயிறு எனக்குத்தான தெரியும்? மக என்னை ஒரு மாதிரிப் பாத்தா. வடிவு ஒண்ணும் சொல்லல. அவ எப்பவும் சொல்ல மாட்டா. முப்பத்தெட்டு வருஷம், எங்க வீட்டுல ஒரு சத்தம் வெளிய போனதில்ல.

தட்டு வந்து நான் ரெண்டு வாய் வச்சிருப்பேன், அப்பத்தான் அடுப்படியில ஒருத்தன் மாவு தேய்க்கிறதைப் பாத்தேன். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், வெள்ளைச் சட்டை. நம்ம லத்தி நீளத்துக்கு ஒரு உருட்டுக்கட்டை. தேய்ச்ச மாவை மடிச்சு, மறுபடியும் கையால பிசையுதான். வலது கையில நடுவிரலும் மோதிர விரலும் மடங்கல தம்பி. மத்த விரல் எல்லாம் மாவுக்குள்ள போவுது, இது ரெண்டும் மேல நீட்டிக்கிட்டு நிக்கி.

முகம் மறந்துட்டு. நரைச்சிட்டுல்லா. ஆனா அந்த விரலைப் பாத்ததும் தெரிஞ்சிட்டு. நம்ம கை வேலை நமக்குத் தெரியாதா?

எனக்கு ஒரே சந்தோசம். வெளியூர்ல தெரிஞ்ச முகத்தைப் பாத்தா எப்படி இருக்கும்? "ஏல ரெமி! நீ ரெமிஜியஸ் மச்சாதுதானல?"ன்னு சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். ஓட்டலே திரும்பிப் பாத்துது.

வந்தான். கையில அந்தக் கட்டையோட அப்படியே வந்தான். என்னைப் பாத்தான். கட்டையை மேசை ஓரத்துல வச்சான், ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சு, ஒரு ஓரமா நின்னான். இருபத்தி நாலு வருஷம் ஆச்சு தம்பி! இப்ப ஒரு ஓட்டலுக்கு முதலாளி. இன்னும் கையைக் கட்டிட்டு நிக்கான் பாத்தியளா, அந்த மரியாதை இந்தக் காலத்துப் பயலுகளுக்கு வருமா?

நான்தான் எங்க வீட்டு ஆளுககிட்ட எடுத்துச் சொன்னேன். இவன் கடற்கரை ஊர்க்காரன், நான் அந்தப் பக்கத்து ஸ்டேஷன்ல இருந்தேன், படகு எஞ்சின் ஒண்ணு களவு போயிட்டு, இவனைத் தூக்கிட்டு வந்தோம். ரெண்டு நாள் வச்சிருந்தோம். வாயைத் திறக்கல பய. மேசையில ரெண்டு கையையும் வைலன்னு சொல்லி லத்தியால போட்டேன். ஒவ்வொரு அடிக்கும் எண்ணச் சொல்லுவேன், அது என் பழக்கம். இவன் பதினொண்ணு வரைக்கும் எண்ணுனான். நல்ல திடமான பய. அதைச் சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன், பெருமையாத்தான் சொன்னேன். பெறவு பாத்தா எஞ்சினைத் தூக்குனது படகுக்காரன் மச்சினனே. அது வேற விசயம்.

யாரும் சிரிக்கல. பக்கத்து மேசையில ஒரு அம்மா கரண்டியைக் கீழ வச்சிட்டா. மாப்பிள்ளை தண்ணியைப் பாத்துக்கிட்டு இருக்காரு. மக ரெமி கையைப் பாத்தா. அப்புறம் அவ அம்மா கையைப் பாத்தா.

வடிவுக்கு இடது கையில சுண்டுவிரல் கொஞ்சம் கோணல். மக அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போது ஆனது. கதவுல மாட்டிக்கிட்டு.

மக மெதுவாக் கேட்டா. "அப்பா, அம்மா விரல் கதவுலதான் மாட்டுச்சா?"

பாருங்க, நாலு பேரு சாப்பிடுற இடம். அங்க வச்சுக் கேக்கிற கேள்வியா அது? "உனக்கு அப்ப பத்து வயசு, உனக்கு என்னத்தட்டி தெரியும்"னு அடக்குனேன். "எனக்கு எல்லாம் தெரியும்ப்பா, நான் அடுப்படி வாசல்ல நின்னேன்"ங்கா. ஒரு கரண்டி அடி தம்பி. குழம்புக் கரண்டி. அன்னைக்கு டூட்டியில எனக்கு எவ்வளவு நெருக்கடின்னு இவளுக்குத் தெரியுமா?

அதுக்குள்ள கல்லாவுல இருந்து ரெமி பொண்டாட்டி வந்துட்டா. ஜெசிந்தான்னு பேரு. "யாருங்க இவரு?"ன்னா. ரெமி தலையைத் தூக்காம, "அவருதான்"னான். அவ்வளவுதான் சொன்னான். அவ முகம் மாறிட்டு. அவ கிட்ட எல்லாம் சொல்லித்தான் வச்சிருக்கான் போல.

அப்புறம் ரெமி கட்டுன கையை அவுத்தான். "ஐயா, எந்திரிங்க."

"ஏன்?"

"அம்மாவும் பிள்ளைகளும் இருந்து சாப்பிடட்டும். உங்களுக்கு என் கையால நான் பரிமாற மாட்டேன்."

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? மாப்பிள்ளை முன்னால. இவன் கப்பல்ல சமையலுக்குப் போயிட்டான்னு அப்பவே கேள்விப்பட்டிருந்தேன், நானும் தன்மையாத்தான் கேட்டேன். "ஏல, அன்னைக்கு நான் போட்ட போட்டுலதான ஊரை விட்டு ஓடிக் கப்பல்ல ஏறுன? கப்பல்ல ஏறுனதாலதான இத்தாலிக்காரன் சமையலைப் படிச்ச? இன்னைக்கு நீ முதலாளி. அது யாராலன்னு யோசிச்சியா?"

"மூணு மாசம் எங்கம்மா எனக்குச் சோறு ஊட்டுனா ஐயா"ன்னான். "இருபத்தோரு வயசுல. கால் கழுவக்கூட இன்னொரு ஆள் வேணும்."

"நல்லதுதானல, எவனுக்குக் கிடைக்கும் அந்த வயசுல அம்மா கைச் சோறு"ன்னேன். சும்மா ஒரு கேலிக்கு. நிலைமை இறுக்கமா இருந்துதுல்லா, கொஞ்சம் தளத்தி விடுவோமேன்னு.

அவன் என் தட்டை எடுத்தான் தம்பி. நான் ரெண்டு வாய்தான் தின்னிருந்தேன். தின்னுக்கிட்டு இருக்கவன் முன்னால இருந்து தட்டை எடுக்கலாமா? நாய்க்குக்கூட அப்படிச் செய்யப்படாது. எந்திரிச்சு ஒண்ணு விட்டேன் செவிட்டுல. தட்டு தரையில விழுந்து தெறிச்சிட்டு. அவன் அசையல. ரெண்டாவதுக்கு ஓங்கும்போது என் மணிக்கட்டைப் பிடிச்சிட்டான். பிடின்னா பிடி. இரும்பு. மாவு பிசைஞ்ச கைல்லா. அப்படியே மேசையில வச்சு அமுக்குனான், கண்ணாடி டம்ளர் உருண்டு உடைஞ்சுது. இன்னொரு கையில கட்டையை எடுத்துத் தலைக்கு மேல தூக்கிட்டான்.

"எண்ணுங்க ஐயா"ன்னான்.

அவன் குரலே இல்ல அது. என் குரல் மாதிரி இருந்துது.

எம் பேத்தி கத்துதா. எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க. நான் கண்ணை மூடல, பயப்படல. வேட்டி நனைஞ்சது அந்த டம்ளர் தண்ணி. ஜெசிந்தாதான் ஓடி வந்து அவன் கட்டையைப் பிடிச்சா. "வேண்டாங்க. பிள்ளைங்க சாப்பிடுற இடம். இதுக்கா நாம வந்தோம்? வேண்டாங்க." அவனுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. கட்டையைக் கீழ இறக்குனான், மேசையில வச்சான், என் கையை விட்டுட்டு ரெண்டு எட்டு பின்னால போனான். "கூட்டிட்டுப் போயிருங்கம்மா"ன்னு எம் மகட்ட சொன்னான்.

பயந்துட்டான். அதான் விட்டுட்டான். அங்கன விட்டா அவனுக்குத் துளிர் விட்டுப் போவும்லா? நம்ம தொழில்ல ஒரு பாடம், கை ஓங்குனவனைச் சும்மா விடப்படாது. மேசையில முள்ளுக்கரண்டி கிடந்துது. எடுத்துப் போயி அவன் முழங்கைக்கு மேல ஒரே குத்து. உள்ள இறங்கிட்டு. வெள்ளைச் சட்டையில ரத்தம் அப்படிப் பரவுது. அவன் கத்தல. என்னையே பாத்துக்கிட்டு நின்னான். கரண்டியை உருவி மறுபடி ஓங்குனேன், மக வந்து கையில தொங்குதா. "அப்பா விடுங்க, அப்பா போதும்"னு. நான் அவளைத் தள்ளத்தான் பாத்தேன். புறங்கை அவ வாயில பட்டுட்டு. உதடு கிழிஞ்சு பல்லெல்லாம் ரத்தம். மாப்பிள்ளை அப்பவும் பேசல, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு சுவரோரம் போயிட்டாரு.

எனக்கு மூச்சு வாங்குது. அறுபத்தாறு வயசுல்லா. வந்து கரண்டியைப் போட்டுட்டு, மேசையில வலது கையை ஊணிக்கிட்டு நின்னேன்.

அப்பத்தான் வடிவு எந்திரிச்சா. அதுவரைக்கும் அவ உக்காந்த இடத்துல உக்காந்தபடிதான் இருந்தா. சேலைத் தலைப்பை எடுத்து இடுப்புல சொருகினா. அந்தக் கட்டையை ரெண்டு கையாலயும் எடுத்தா. எனக்கு மனசுக்குள்ள பெருமைதான் தம்பி. பொஞ்சாதின்னா இவல்லா, புருசன் மேல ஒருத்தன் கை வச்சிட்டான்னதும் கட்டையைத் தூக்கிட்டாளேன்னு.

ஓங்கி விட்டா. என் கையில.

முருங்கைக்காய் ஒடியுற சத்தம் கேட்டிருக்கியளா? அது.

அவனை அடிக்கத்தான் ஓங்கியிருக்கா. அது சந்தேகமே இல்ல. அவன் ரெண்டு எட்டு தள்ளி நின்னான்னு மக சொல்லுதா. சரி, நின்னான். பதட்டத்துல பொம்பளைக்குக் குறி தவறும்ல? நான் கையை எடுக்க முடியாம "ஏட்டி வடிவு!"ங்கேன், அதுக்குள்ள ரெண்டாவது. அதுவும் அதே இடத்துல. ஓங்குன கை சட்டுனு நிக்காதுல்லா. மூணாவது கொஞ்சம் தாமதிச்சுத்தான் விழுந்துது. அதைத்தான் எல்லாரும் பெருசாச் சொல்லுதாங்க.

கட்டையை மெதுவா மேசையில வச்சா. மக உதட்டைத் தன் தலைப்பால துடைச்சு விட்டா. ஜெசிந்தாட்ட போயி, "அவருக்கு முதல்ல கையைக் கட்டும்மா"ன்னா. ரெமியைச் சொல்லுதா. என்னைப் பாத்து ஒரே வார்த்தைதான் சொன்னா. "எந்திரிச்சுப் போங்க"ன்னா. நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுதான்னு புரிஞ்சுக்கிட்டு நானே ஆட்டோ பிடிச்சுப் போனேன். அவ பின்னால வருவான்னு பாத்தேன். பிள்ளை பயந்து போயிருந்துதுல்லா, அதான் வரல.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போயி ஒரு கம்ப்ளெய்ண்ட் குடுத்தேன். ரெமிஜியஸ்ங்கிற ஓட்டல்காரன் உருட்டுக்கட்டையால அடிச்சு மூணு விரலை உடைச்சிட்டான்னு. இடது கையால எழுதுனேன். பொய்னு சொல்லாதிய. கட்டை அவனோடதுதான? அவன் என்னை மரியாதையா நடத்தியிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா? இன்ஸ்பெக்டர் சின்ன வயசு. "உக்காருங்க ஐயா, நீங்க நம்ம டிபார்ட்மெண்டு"ன்னு டீ வாங்கிக் குடுத்தாரு. சாயங்காலமே ரெமியைக் கூட்டிட்டு வந்து பெஞ்சுல உக்கார வச்சிட்டாங்க. மேல கை வைக்கல, இப்பல்லாம் கேமரா. கையில கட்டோட உக்காந்திருந்தான். தரையைப் பாத்துக்கிட்டு.

அப்ப வடிவு வாரா. மக கூட. அவளா நடந்து வந்து இன்ஸ்பெக்டர் முன்னால நிக்கா. ஸ்டேஷன் படியே ஏறாதவ தம்பி, நான் வேலை பாத்த ஸ்டேஷனுக்கே சோத்துவாளியைக் குடுத்து விடுவாளே தவிர வர மாட்டா.

"அவரு அடிக்கலய்யா, நான்தான் அடிச்சேன்."

இன்ஸ்பெக்டரும் எனக்காக எடுத்துக் குடுத்துப் பாத்தாரு. "சண்டையில தவறிப் பட்டுட்டு, அப்படித்தானம்மா?"

"இல்லய்யா. பாத்துத்தான் அடிச்சேன்."

"ஏம்மா?"

"எனக்கு அறுபது வயசு ஆயிட்டு"ன்னா.

இது என்ன பதில் தம்பி? கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இருக்கா? பொம்பளை ஸ்டேஷனைப் பாத்ததும் மிரண்டு போயி என்னமோ உளறுதா, அதைப் போயி அந்த இன்ஸ்பெக்டர் எழுதச் சொல்லுதாரு. எழுதுன பொம்பளைப் போலீசு பேனாவை வச்சிட்டு, எந்திரிச்சு அவளுக்கு நாற்காலி போட்டுது. எனக்குப் போடல, நான் முன்னமே உக்காந்திருந்தேன், அது வேற. ரெமி தலையைத் தூக்கி வடிவைப் பாத்தான். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டாங்க.

இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. "ஐயா, கரண்டியால குத்துனது நீங்க, மகளை அடிச்சது நீங்க, முப்பது பேரு பாத்திருக்காங்க. அவங்க எழுதிக் குடுத்தா நான் உங்களைத்தான் உள்ள வைக்கணும். வாபஸ் வாங்கிட்டு ஊரு போய்ச் சேருங்க." வாங்கிட்டேன். பெருந்தன்மையா விட்டுட்டேன்.

மக வீட்டுக்குப் போனா, என் பை வெராந்தாவுல இருக்கு. வேட்டி சட்டை எல்லாம் மடிச்சு வச்சிருக்கு, மடிப்பைப் பாத்தாலே தெரியும், வடிவு மடிச்சது. கோவமா இருக்கவ அவ்வளவு நேர்த்தியா மடிப்பாளா? மாப்பிள்ளை முதல் தடவையாப் பேசுனாரு. "மாமா, லாட்ஜ்ல ரூம் போட்டிருக்கேன்"னாரு. வீட்டுல இடம் பத்தாதுல்லா, கை வலியோட எனக்கும் தனி ரூம்தான் வசதி. கட்டு இறுகுற வரைக்கும் பதினோரு நாள் இருந்தேன். யாரும் வரல. அவங்கவங்களுக்கு வேலை.

இன்னைக்குக் காலையில ஊருக்குக் கிளம்புனேன். கிளம்புறதுக்கு முன்ன மக வீட்டுக்குப் போனேன், பூட்டிக் கிடந்துது. சரி, ரெமியையாவது பாத்து, "உன்னை மன்னிச்சிட்டேம்ல, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத"ன்னு சொல்லிட்டுப் போவோம்னு அந்த ஓட்டலுக்கு நடந்தேன். பதினொன்றரை இருக்கும். நல்ல வெயில்.

கண்ணாடி வழியாப் பாக்கேன். வடிவு உக்காந்திருக்கா. மக இருக்கா, பேத்தி இருக்கா. ரெமிதான் தட்டைக் கொண்டாந்து வைக்கான், கட்டுப் போட்ட கையால. வடிவு என்னமோ கேக்கா, அவன் குனிஞ்சு சொல்லுதான். அவ சிரிச்சா. தம்பி, அவளுக்கு மேல் வரிசையில ஒரு பல்லு இல்லங்கிறது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். எப்ப விழுந்துதோ.

நிமிந்தவ என்னைப் பாத்துட்டா. நல்லாப் பாத்தா. நான் இடது கையைத் தூக்கி, வா, போவோம், பஸ்ஸுக்கு நேரம் ஆச்சுன்னு காட்டுனேன். அவ தட்டுப் பக்கம் குனிஞ்சு ஒரு வாய் எடுத்துப் போட்டா. மென்னா. இன்னொரு வாய் எடுத்தா.

பசி போல. பாவம்.

சரி, உள்ள போயி நாமளும் கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுக் கூட்டிட்டுப் போவோம்னு கதவைத் தள்ளுனேன். ஜெசிந்தா வந்து குறுக்கால நின்னா. கோவமெல்லாம் இல்ல, நல்ல மரியாதையாத்தான் சொன்னா. "இடம் இல்லங்கய்யா"ன்னா.

நான் அவ தோளுக்கு மேல எட்டி எண்ணிப் பாத்தேன் தம்பி. ஆறு மேசை காலி. ஆறு. காலியா இத்தனையை வச்சுக்கிட்டு இடம் இல்லன்னு ஒருத்தி எப்படிச் சொல்லலாம்? நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க.